கரண்ட் எங்கிருந்து வரும்? – ஜி.டி. நாயுடுவின் முதல் கேள்வி

நாரந்தனையிலோ நெடுந்தீவிலோ இருக்கும் ஒரு மாணவர், ஆர்டுயினோ பலகை ஒன்றையும் சின்ன ஸ்டெப்பர் மோட்டார் ஒன்றையும் வாங்கி இணைக்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் மின்சாரம்தான், புரோகிராம் அல்ல. பலகையின் ஒரு பின்னிலிருந்து பயமில்லாமல் எடுக்கக்கூடியது 20 மில்லி அம்பியர் அளவு. மலிவாகக் கிடைக்கும் 5 வோல்ட் ஸ்டெப்பரின் ஒரு சுருளுக்கே 100 மில்லி அம்பியர் வரை வேண்டும். அதனால் நடுவில் ஒரு டிரைவர் பலகை வேண்டும், மோட்டாருக்குத் தனியாக 5 வோல்ட் கொடுக்க வேண்டும், இரண்டு பக்கத்து மைனஸ் வயர்களையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்டெப்பர் சுற்றாமல் நிற்கும்போதும், நின்ற இடத்தைப் பிடித்து வைத்திருக்கக் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பற்றரியில் ஓட்டுபவர்கள் இதைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

மோட்டாரைப் பற்றி யோசிக்கும் முன் அது எதில் ஓடப்போகிறது என்று யோசித்த ஒருவர் கோயம்புத்தூரில் இருந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டிப் படிக்காதவர் என்று சொல்வார்கள்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை. இளைஞனாக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய அந்த வண்டி அவரை விடவில்லை. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் பரிமாறுபவராக வேலை செய்து காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் ஓட்டித் திரிவதோடு நிற்கவில்லை. முழுக்கக் கழற்றிப் போட்டு, திரும்பவும் பூட்டினார். அவருடைய தொழில்நுட்பக் கல்லூரி அதுதான்.

பருத்தி வியாபாரத்தில் கொஞ்சம் சம்பாதித்து, பம்பாய்க்குப் போய் அதைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார். 1920இல் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அந்த நிறுவனத்திடம் 1933 அளவில் ஏறத்தாழ 280 பஸ்கள் இருந்தன. இதுவே ஒரு வாழ்நாள் கதைக்குப் போதும்; ஆனால் நமக்கு வேண்டிய கதை இதற்குப் பிறகுதான் வருகிறது.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியதும் பஞ்சாலைகள் பெருகின. ஆழக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த விவசாயிகளுக்கு வேறொரு வழி தெரிந்தது. துலாவில் இறைத்த நம்முடைய தோட்டக்காரர்களுக்கு அந்த வேலையின் பாரம் புரியும். கரண்ட் வந்துவிட்டது, ஆனால் அதில் ஓட வேண்டிய மோட்டார்கள் கப்பலில்தான் வந்தன. 1937இல் பீளமேட்டில், டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து ஒரு மின் மோட்டாரை உருவாக்கினார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அது சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கிய பாலசுந்தரத்தின் பெயர் இந்தக் கதையில் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. அது நியாயமில்லை.

கரண்ட் வந்த இடத்துக்கு மோட்டார். வராத இடத்துக்கு? நாயுடு மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி ஒன்றைச் செய்தார். ஐரோப்பாவுக்குப் போய்வந்த காலத்தில் அவர் உருவாக்கிய ரசாந்த் என்ற சவரக் கருவி ஜெர்மனியில் தயாரானது. அதற்குள் இருந்த குட்டி மோட்டார் உலர் பற்றரியில் ஓடியது. சுவரில் பிளக் இல்லாத வீட்டுக்காரரும் சவரம் செய்துகொள்ளலாம். 1990களில் குடாநாட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்களுக்கும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் இந்த மனிதரின் யோசனைப் போக்கை யாரும் விளக்கத் தேவையில்லை.

கண்டுபிடிப்புகளின் பட்டியல் நீளமானது. பழச்சாறு பிழியும் இயந்திரம், மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் எல்லாம் அதில் உண்டு. பட்டியலைவிட, அவர் எங்கெங்கே மறிக்கப்பட்டார் என்பதுதான் முக்கியம்.

1945 அளவில், அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி உருவாக நாயுடு உதவினார். அதன் முதல்வராகவும் இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குகிறது, அதைச் சுருக்கலாம் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1952இல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை சுமார் 2,000 ரூபாய். தயாரிக்க உரிமம் கிடைக்கவில்லை. வரிச்சுமையும் சேர்ந்துகொள்ள, 1950களில் தன் கண்டுபிடிப்புகளைப் பொதுமக்கள் முன்னால் வைத்துத் தானே உடைத்தார். இதைத் துணிச்சல் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது. ஒரு பொருளைக் கழற்றித் திரும்பப் பூட்டத் தெரிந்த மனிதர், பூட்டவே முடியாதபடி அவற்றை நொறுக்கினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பொருட்களைக் கழற்றிப் பார்த்திருக்கக்கூடிய பையன்களுக்கு அவை கிடைக்காமல் போயின.

1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. கோவை இன்று இந்தியாவின் பெரிய மோட்டார், நீர்ப்பம்பி உற்பத்தி மையங்களில் ஒன்று.

நாரந்தனை மாணவரின் மேசையில் இருக்கும் ஸ்டெப்பர், நாயுடுவின் மோட்டாரைவிட மிகச் சிறியது, உரிமமும் கேட்காது. டிரைவர் பலகை, தனி 5 வோல்ட், சேர்த்துக் கட்டிய மைனஸ். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 2,048 அடிகள். சுற்றாமல் அதிர்ந்துகொண்டு மட்டும் நின்றால், சுருள்களுக்குப் போகும் நான்கு சிக்னல் வயர்களின் வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.