பாட்டுக்கு வரிசையும் அளவும் வகுத்த அரியக்குடியார்

செட்டிநாட்டுச் சீமையில் தென் திருப்பதி எனப் போற்றப்படும் திருத்தலம் அரியக்குடி. திருவேங்கடமுடையான் கோயில் கொண்டருளும் அவ்வூரில் 1890-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் தோன்றியவர் இராமானுஜ ஐயங்கார். திருவிழா மேடையில் அமரும் பாடகர், எந்தப் பாடலில் தொடங்குவது, எதனைக் கொண்டு முடிப்பது என்று தயங்காமல் பாடுவதற்கு வழி வகுத்தவர் இப்பெருமகனாரே ஆவார்.

இளமையில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பயின்ற அவர், பின்னர் 'பூச்சி' என்னும் பெயரால் புகழ்பெற்ற இராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்தார். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் வழியாகத் தியாகராஜ சுவாமிகளைச் சென்றடையும் சீட பரம்பரை அது.

அக்காலக் கச்சேரிகளில் இராக ஆலாபனையும் பல்லவியுமே நெடும்பொழுதை எடுத்துக்கொண்டன. அரசவையிலும் செல்வர் இல்லங்களிலும் கூடிய இரசிகர்கள் அதனைச் சுவைத்தனர். சபாக்கள் தோன்றிப் பொதுமக்கள் திரண்டபோதோ, பழைய முறை அவர்களுக்கு எட்டாமற்போகும் நிலை உருவாயிற்று. முறையைத் தளர்த்தினால் கலை குன்றும். தளர்த்தாவிடில் கேட்போர் குறைவர். இந்த இக்கட்டுக்கு அரியக்குடியார் கண்ட தீர்வே இன்றும் நிலைத்திருக்கும் கச்சேரிப் பத்ததி.

முதலில் வர்ணம். இரு காலங்களில் பாடப்படும் வர்ணம் குரலைப் பதப்படுத்தும். பாடகரையும் பக்கவாத்தியக்காரர்களையும் சுருதியிலும் தாளத்திலும் ஒன்றச் செய்யும். அடுத்து விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள். குரல் நன்கு படிந்த பின்னரே விரிவான ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரங்களுடன் பெரிய கீர்த்தனையும் தனியாவர்த்தனமும். பிறகு அளவான இராகம் தானம் பல்லவி. நிறைவில் பதம், ஜாவளி, தமிழ்ப் பாடல்கள், மங்களம். ஒரே சாயலுள்ள இராகங்கள் அடுத்தடுத்து வராமலும், சவுக்க காலப் பாடல்கள் குவிந்து சோர்வு தராமலும் அவர் பார்த்துக்கொண்டார். மத்திம காலமே அவர் பாட்டின் உயிர்நாடி.

ஆண்டாள் நாச்சியாரின் திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் அவர் இசை அமைத்தார். முதல் ஐந்து பாசுரங்களை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் கனராகப் பஞ்சகத்தின் வரிசையிலேயே அமைத்து, முப்பதாவதைச் சுருட்டியில் நிறைவு செய்தார். தேர்ந்த வித்துவானும் பாடலாம், மார்கழி விடியலில் கூடும் பஜனைக் குழுவும் பாடலாம் என்னும்படி அம்மெட்டுகள் அமைந்தன. அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களையும் அவர் மேடைகளில் பாடிப் பரப்பினார்.

1938-இல் சங்கீத கலாநிதி, 1952-இல் சங்கீத நாடக அகாதமி விருது, 1958-இல் பத்ம பூஷண் எனப் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1967 ஜனவரி 23-ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய நெறி கே.வி. நாராயணசாமி முதலிய சீடர்கள் வழியே தொடர்ந்தது.

ஆலயத்தில் தனித்துப் பாடுவோருக்கும் குழுவாகப் பாடுவோருக்கும் அவர் வாழ்வு உணர்த்தும் நெறி ஒன்றே. எளியதில் தொடங்கிக் குரலைப் பதப்படுத்துதல், அரியதை நடுவில் வைத்தல், கேட்போர் மனம் நிறைந்திருக்கும்போதே மங்களம் பாடுதல். அளவறிந்து பாடும் பாட்டே இறைவன் சந்நிதியில் இனிய நிவேதனமாகும்.