ஏஐ சொல்றதை அரசு அப்படியே நம்பலாமா? 100 வருஷத்துக்கு முன்பே வழிகாட்டிய மஹலனோபிஸ்!

பிளவக்கல் அணையில் தண்ணீர் இருந்தால்தான் வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி பக்கம் விவசாயிகளுக்கு நிம்மதி. மதகை எப்போ திறக்கணும்னு நாளைக்கு ஏஐ சொன்னா, அதிகாரிகள் அப்படியே கேட்கலாமா? இதற்கான பதில் ஒரு கொல்கத்தா பேராசிரியரின் வாழ்க்கையில் இருக்கு.

யார் இவர்?

பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். 1893 ஜூன் 29-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தினார். அந்த வேலைக்கு நடுவேதான் புள்ளியியலில் இறங்கினார்.

வெள்ளத்தில் என்ன நடந்தது?

1926-ல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம். ஆற்றுப் படுகை மேடாகிடுச்சு, கரையை உயர்த்தணும் என்பது பொறியாளர்கள் கருத்து. மஹலனோபிஸ் சுமார் 60 ஆண்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். படுகை மேடாகவே இல்லை! கரையை உயர்த்தினால் பணம்தான் கரையும். ஆற்றின் மேல்பகுதியில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவதே வழி என்று காட்டினார்.

ஒரு பானைச் சோறு

1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950-ல் அவரது முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இதன் அடிப்படை. எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். குலுக்கல் முறையில் எடுத்த சில வீடுகளில் விசாரித்தால் போதும்.

ஆனா, அடியில் குழைந்து மேலே வேகாமல் இருந்தா? அதனால் ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு ஆட்களை அனுப்பி, இரண்டு கணக்கையும் ஒப்பிட வைத்தார். ரொம்ப வித்தியாசம் வந்தா, எங்கேயோ தப்பு இருக்குன்னு அர்த்தம்.

சர்ச்சையும் உண்டு

1956-ல் தொடங்கிய 2-வது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அவர் வகுத்த கணக்கே அடித்தளம். கனரகத் தொழிலுக்கு முன்னுரிமை கொடுத்த அந்தத் திட்டத்துக்குப் பொருளாதார நிபுணர் பி.ஆர். ஷெனாய் முன்பே எதிர்ப்புக் குறிப்பு எழுதியிருந்தார். திட்டம் தொடங்கிய சில வருஷத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கணக்கு எவ்வளவு பெரிய மேதை போட்டதா இருந்தாலும், மறுத்துக் கேட்க ஆள் வேணும்.

ஏஐக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

1950-களில் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி வந்து இறங்கியது இவரது நிறுவனத்தில்தான். 1936-ல் இவர் உருவாக்கிய 'மஹலனோபிஸ் தூரம்', கூட்டத்தோடு ஒட்டாத தரவைக் கண்டுபிடிக்க இன்றைய மெஷின் லேர்னிங்கிலும் பயன்படுகிறது.

தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான ஏஐக்கான கொள்கையை வெளியிட்டது. மத்திய அரசு 2024-ல் இந்தியா ஏஐ திட்டத்துக்கு 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் கொடுத்தது. இவ்வளவு பணம் இறங்கும்போது கேட்க வேண்டியது மஹலனோபிஸின் பழைய கேள்விகளைத்தான். இந்த ஏஐ எந்தத் தரவில் பழகியது? அதில் நம்ம கிராமம் இருக்கா? வேறொரு குழு தனியா சரிபார்த்ததா?

தனது 79-வது பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்பு, 1972 ஜூன் 28-ல் மஹலனோபிஸ் காலமானார். அவர் பிறந்த ஜூன் 29-ஐ நாடு புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது. பிளவக்கல் மதகுக்கு ஏஐ யோசனை சொல்லும் நாள் வந்தால், முதலில் புரட்ட வேண்டியது அந்த அணையின் பழைய கணக்குப் பதிவேட்டைத்தான்.