புத்தகம் பைண்டு செய்த பையன்

நம் குடியிருப்பின் மூலையில் கம்பி வேலிக்குள் நிற்கும் டிரான்ஸ்பார்மரை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். அதன் மூதாதை, லண்டனில் 1831-இல் மைக்கேல் ஃபாரடே தம் கையால் கம்பி சுற்றிய ஓர் இரும்பு வளையம்.

1791-இல் பிறந்தவர். தகப்பனார் கொல்லர்; அடிக்கடி நோயில் படுப்பார், வீட்டில் வறுமை. பதினான்கு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றார். 1812-இல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் போய் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். வேலைக்கு இதைவிட நல்ல விண்ணப்பம் உண்டா, சொல்லுங்கள்! மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார்.

மின்சாரம் ஓடும் கம்பி காந்த முள்ளைத் திருப்பும் என்று 1820-இல் ஓர்ஸ்டெட் காட்டியிருந்தார். அப்படியானால் காந்தம் மின்சாரம் தராதா? 1825-இல் ஃபாரடே முயன்று பார்த்தார், பலனில்லை.

1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல வளையத்தின் ஒரு பாதியில் ஒரு கம்பிச்சுருள், மறுபாதியில் இன்னொன்று. ஒன்றையொன்று தொடாது. முதல் சுருளை பாட்டரியில் இணைத்ததும், இரண்டாவதன் கம்பியருகே இருந்த காந்த முள் துள்ளியது. பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றது. பாட்டரி ஓடிக்கொண்டிருந்தும் அசைவில்லை. இணைப்பை எடுத்தபோது மறுபடி துள்ளல். கவனியுங்கள்: காந்தம் சும்மா இருந்தால் போதாது, அதன் பலம் மாற வேண்டும். அக்டோபர் 17-இல் சுருளுக்குள் ஒரு காந்தத் தண்டை நுழைத்தார், இழுத்தார். முள் ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம்.

ஜெனீவாவில் கொலடோன் என்பவர் 1825-இலேயே இப்படிச் செய்திருந்தார். காந்தம் முள்ளை நேரே இழுத்துவிடக் கூடாதென்று கருவியை அடுத்த அறையில் வைத்தார். நடந்து போய்ப் பார்ப்பதற்குள் முள் நின்றுவிட்டது. பாவம்!

லெட்ஜரோடு காலம் தள்ளிய எனக்கு, ஃபாரடேயின் ஆய்வுக் குறிப்பேடுதான் பெரிய வியப்பு. தோற்ற சோதனைகளையும் விடாமல், பத்திக்குப் பத்தி எண் போட்டு 16,041 வரை எழுதியிருக்கிறார். உயர் கணிதம் மட்டும் அவர் கற்கவில்லை. அவர் கருத்துகளைச் சமன்பாடுகளாக்கியவர் மாக்ஸ்வெல்.

'சர்' பட்டம் வேண்டாமென்றார். 1867 ஆகஸ்ட் 25-இல் காலமானார். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்கள் ஒரு நாள் ராயல் இன்ஸ்டிடியூஷன் போய் வாருங்கள். அந்த வளையம் அங்கேதான் இருக்கிறது.