தேவமோகினியைப் பாடிய தஞ்சைக் கவிராயர்

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கியதும் பாடத் தொடங்கிவிடுவாராம். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடாகிவிட்டது. லயத்து வீடுகளும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியோடு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தவை அவர் மனப்பாடமாக வைத்திருந்த கீர்த்தனைகள்தாம். அவற்றுள் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. (பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவராக்கி ஒரு தேர்வில் மதிப்பெண் இழந்தவன் நான்.)

சாஸ்திரியார் 1774 செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை தேவசகாயமும் ஒரு புலவர். சுவார்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் சிறுவனின் அறிவைக் கண்டு, 12 வயதளவில் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று மகனைப்போல் வளர்த்தார். அதே பாதிரியாரிடம் படித்த இன்னொரு பிள்ளை, பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. ஒருவர் மராட்டிய அரச குலத்துச் சிவபக்தர், மற்றவர் கிறிஸ்தவப் புலவர். இருவருக்கும் ஆசான் ஒருவரே. 1798இல் சுவார்ட்ஸ் மறைந்தபோது மன்னர் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் இருக்கும் ஆசானின் கையை மாணவன் பற்றியிருக்கும் காட்சி அது. தஞ்சையில் இன்றும் அதைக் காணலாம். வேதநாயகரோ 19 வயதிலேயே தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர் ஆகியிருந்தார்.

1800இல் அவர் இயற்றியதுதான் பெத்லகேம் குறவஞ்சி. குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்கு இதன் அமைப்பு பழகியதுதான். தலைவன் வீதியில் உலா வருகிறான், தலைவி கண்டு மயங்குகிறாள், நிலவும் தென்றலும் அவளை வாட்டுகின்றன, குறத்தி வந்து குறி சொல்கிறாள். வசந்தவல்லி இருக்கும் இடத்தில் இங்கே தேவமோகினி இருக்கிறாள். அவள் திருச்சபை. உலா வரும் தலைவன் கிறிஸ்து. குறத்தியின் பெயர் விசுவாசம், அவளைத் தேடி அலையும் சிங்கனின் பெயர் ஞானம். அந்தக் குறத்தி குறி சொல்வதோடு நிற்காமல் பூகோளமும் வானசாஸ்திரமும் பேசுவாள்! பள்ளி வாத்தியார் எழுதிய குறவஞ்சி அல்லவா?

பெண்ணின் உடல்தவிப்பைச் சொல்ல வளர்ந்த வடிவத்தில் தெய்வ அன்பைப் பாடலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆண்டாளையும் மாணிக்கவாசகரையும் படித்த தமிழனுக்கு அந்தச் சந்தேகம் வராது. காதல், தாய்ப்பாசம், நட்பு, அருள் என்று நாம் தனித்தனியே பெயரிட்டு வைத்திருப்பவை அவர் பாட்டில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கின்றன.

அதற்கு முன்பு தமிழ்ச் சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஜெர்மானிய மெட்டுக்குத் தமிழைப் பொருத்திய ஞானப்பாட்டுகள். சாஸ்திரியாரோ இராகமும் தாளமும் கொண்டு பல்லவி, அனுபல்லவி, சரணமாகப் பாடினார். எழுத்தறியாத என் பாட்டி நிரையில் பாட முடிந்தது அதனால்தான் என்பேன். ஜெர்மானிய மெட்டை யார் மரத்துக்கு மரம் பாடிக்கொண்டு போவார்கள்?

நான் அடுத்து எழுதப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய பாதிரிமார்கள் பல மாற்றங்களைக் கொண்டுவந்தனர். வேதாகமத் தமிழைத் திருத்தினார்கள், திருநாளிலும் திருமணத்திலும் பூமாலை கூடாது என்றார்கள், தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்தில் தடுத்தார்கள். கூடவே, சாதிவாரியாக ஆலயத்தில் பிரிந்து உட்காருவதையும் நற்கருணையில் முன்பின் பார்ப்பதையும் ஒழிக்க முயன்றார்கள். இந்த நான்கையும் சாஸ்திரியார் ஒரே மூச்சில் கொடுமை என்றார். எதிர்த்து எழுதினார். 1829 வாக்கில் மிஷன் வேலை போயிற்று. பழைய பள்ளித் தோழர் சரபோஜி அவரைத் தம் அவையில் வைத்து ஆதரித்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாட்டை அறவே விலக்க ஆணையிட்டபோது, தஞ்சையிலும் பிற ஊர்களிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

படித்துவிட்டு நூலகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் வேளாளர். என் முன்னோர் அந்த ஆலயத்தில் எதிர்ப்பக்கம் உட்கார வைக்கப்பட்டவர்கள். கீர்த்தனைக்காக அவர் நடத்திய போராட்டத்தில் நான் முழுக்க அவர் பக்கம். பூமாலைக்கும் அப்படியே. ஆனால் அதே தாளில், அதே மையில், என் பாட்டியின் பாட்டி தன் பக்கத்தில் உட்காரக்கூடாது என்றும் எழுதியிருக்கிறாரே! அக்காலத்து வழக்கம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. எதிர்த்து நின்றவர்களும் அக்காலத்தவர்தாமே. அதற்காகக் கோபித்துக்கொள்ள நமக்கும் முழுத் தகுதியில்லை. தோட்டத்தில் ஒரே தண்ணீர்க் குழாயில் பிடித்துக் குடித்த குடும்பங்கள், ஈப்போவில் பெண் பார்க்கும்போது மட்டும் ஊர்ப்பெயர் விசாரிப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

தடுக்கப்பட்ட கீர்த்தனைகள் அவர் காலத்திலேயே திரும்பி வந்தன. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் அவரை நாடிச் சென்று பாடல்களைத் திரட்டி, 1853இல் புத்தகமாக்கினார். கவிராயருக்கு அப்போது 80ஐ நெருங்கும் வயது. 1864 ஜனவரி 24 அன்று மறைந்தார்.

போன விடுமுறையில் ஈப்போவுக்குப் போனபோது பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆலயத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற இடம் வந்ததும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்தப் பாட்டை இராகம் தப்பித்தான் பாடுகிறார்கள் என்று பேச்சை மாற்றிவிட்டார். பிறகு முதல் சரணத்தைச் சரியாகப் பாடிக் காட்டினார். இரண்டாவதில் எனக்கு ஒரு சொல் பிசகியது. மீண்டும் முதலிலிருந்து பாடச் சொன்னார்.