தனித்து ஒலித்த குரல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

இருவர் சேர்ந்து பாடிப் புகழ் பெற்ற பின் ஒருவர் இல்லாமற் போனால், எஞ்சிய ஒருவரை உலகம் பாதியாகவே எண்ணும். அந்தப் பாதியை முழுமையாக்கிக் காட்டியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

ஆடிக் கிருத்திகையன்று சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்போரூர் முருகனைக் காணச் செல்வோர் வழியில் தண்ணீர்ப் பந்தல்களில் இளைப்பாறுவர். அங்கே ஒலிபெருக்கியில் அம்மையாரின் குரல் கேட்கும். சிறு வயது முதல் அக்குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் அக்குரலுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைக் கல்லூரிக்கு வந்த பிறகே படித்தறிந்தேன்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். தாயார் பெயர் பாலாம்பாள். குடும்பத்தை வறுமை வாட்டியது. ரயிலில் பாடிக்கொண்டு சென்ற அச்சிறுமியின் குரல் பெரியோர் காதில் விழுந்ததே அவருக்கு நாடக மேடையின் கதவைத் திறந்தது என்பர். பாலர் வேடங்களில் தொடங்கி, இளம் பருவத்திலேயே கடல் கடந்து இலங்கை சென்று பாடி நடித்தார்.

கொழும்பில் 1926-இல் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா அங்கு வந்து அவருடன் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் நடித்தார். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாட வேண்டும். அதில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர் அல்லர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இருப்பினும் 1927-இல் இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர். தமிழகமெங்கும் அந்த ஜோடியைக் காணக் கூட்டம் அலைமோதியது. அவர்கள் பாடிய இசைத்தட்டுகள் வீடுதோறும் ஒலித்தன.

ஆனால் அந்த இணை நீடிக்கவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனக்கசப்பும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25.

அன்று முதல் வெள்ளைக் கதர்ச் சேலையே அவர் உடையாயிற்று. இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நாடக மேடையோ ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் இணைந்து நிற்பது. அவ்வாறு உறுதி பூண்ட நடிகைக்கு அங்கே என்ன இடம் இருக்க முடியும்? அவர் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பர்.

அப்போதுதான் 'நந்தனார்' படம் வந்தது. 1935-இல் வெளியான அப்படத்தில் நடிக்க அவருக்கு அளிக்கப்பட்ட ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் அது கேட்டறியாத தொகை. பணத்தைவிட அவர் ஏற்ற வேடமே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கதாநாயகனுக்கு ஜோடியாக நிற்க மறுத்தவர், கதாநாயகனாகவே நின்றார்! தில்லைக்குச் செல்ல ஏங்கும் பண்ணையாளாக ஆண் வேடம் பூண்டார். வேதியராக நடித்தவர் அக்காலத்துப் பெரும் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை என்றாலும், சுந்தராம்பாள் தனியே நிற்க வல்லவர் என்பதை நாடு அறிந்துகொண்டது.

பின்னாளில் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1940-இல் துறவு பூண்ட மணிமேகலை. 1953-இல் ஜெமினியின் ஔவையார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. 1973-இல் காரைக்கால் அம்மையார். இவர்கள் அனைவரும் இல்லறத்துக்கு வெளியே நின்று தம் சொல்லாலும் தவத்தாலும் உயர்ந்த பெண்கள். தம் வாழ்வைச் சுற்றித் தாமே எழுப்பிய வேலிக்குள் இத்தனை பெரிய தோட்டத்தை அவர் வளர்த்தார்.

விடுதலை இயக்க மேடைகளிலும் அவர் குரல் முழங்கியது. 1951-இல் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். கலையுலகிலிருந்து ஒரு பெண் அந்த அவையில் அமர்ந்தது அந்நாளில் புதுமை. 'துணைவன்' படத்தில் பாடியதற்காகத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980-இல் மறைந்தார்.

நண்பர்களே! என் தந்தை இறந்தபோது என் தாயாருக்கும் வயது அதிகமில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அதற்கான கட்டணம் ஒவ்வொரு ரூபாயும் அவர் தனியே உழைத்து ஈட்டியது. ஒலிபெருக்கியில் அம்மையாரின் பாட்டு வந்தால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அது முடியும்வரை நிற்பார் என் தாய். முருக பக்தி என்றே நான் நினைத்திருந்தேன். இவ்வரலாற்றைப் படித்த பின் அது மட்டுமன்று என்று தோன்றுகிறது.

துணை போனபின் எஞ்சுவது பாதி அன்று என்பதைக் கொடுமுடியில் பிறந்த அந்த ஏழைச் சிறுமி பாடியே நிலைநாட்டினார். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு அப்பாட்டு ஒலிக்கும்போது நானும் என் தாயின் அருகில் நின்று முழுவதும் கேட்பேன்.