விக்ரம் சாராபாயின் பத்தாண்டுத் திட்டம்

டயகமவில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் எதிர்மலை லயங்களின் தகரக்கூரைகள் தெரியும். கூரைக்கொரு டிஷ் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். மாலையானதும் இந்தியத் தமிழ் அலைவரிசைகள் லயத்துக்குள் வந்துவிடும். செய்மதி வழியாகத் தொலைக்காட்சி ஏழைக் கிராமங்களையும் எட்ட வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்னரே கணக்குப் போட்டவர் கலாநிதி விக்ரம் சாராபாய்.

1919 ஓகஸ்ட் 12இல் அகமதாபாத்தில் ஆலை முதலாளி குடும்பமொன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது இரண்டாம் உலக யுத்தம் மூண்டதால் நாடு திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் கீழ் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் கலாநிதிப் பட்டம் கிடைத்த கையோடு அகமதாபாத்தில் பௌதிக ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் இலேசு என்றார் வாப்பா. இருக்கலாம்.

ஆனால் தும்பாவில் வசதி எதுவும் இருக்கவில்லை. பூமியின் காந்த மத்தியகோட்டுக்கு அருகில் இருந்ததால்தான் அந்தக் கேரள மீனவக் கிராமத்தை அவர் தெரிவு செய்தார். ஊராரும் ஆயரும் விட்டுக்கொடுத்த தேவாலயம் அலுவலகமானது. ரொக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் போயின. 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்கா தந்த சிறு ரொக்கெட் ஒன்று அங்கிருந்து மேலெழுந்தது. அதைப் பொருத்தும் பொறுப்பில் இருந்தவர் இராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம்.

ஏழை நாட்டுக்கு ரொக்கெட் எதற்கு என்று கேட்டவர்கள் பலர். சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் போட்டியில் சேர சாராபாய் விரும்பவில்லை. வானிலை, விவசாயம், கல்வி இவைதான் அவருடைய நோக்கம். சொந்த ரொக்கெட்டில் சொந்தச் செய்மதி என்று 1970இல் பத்தாண்டுத் திட்டமொன்றை எழுதி வெளியிட்டார். 1971 டிசம்பரில் தும்பாவுக்கு வந்தவர், 30ஆம் திகதி கோவளத்தில் உறக்கத்திலேயே காலமானார். வயது 52.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நான் முன்பு படித்த பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை ஒருவர் வானியல் கழகம் தொடங்கினார். ஒரு தடவை சனிக்கிரகத்தின் வளையத்தைக்கூடப் பார்த்தோம். அவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் தொலைநோக்கி அலுமாரிக்குள் போனது. அடுத்து வந்தவர் சாவியைக் கேட்கவே இல்லை.

இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. பேராசிரியர் எம். ஜி. கே. மேனன் சில மாதங்கள் பொறுப்பைத் தாங்கினார். 1972இல் சதீஷ் தவான் தலைவரானார். என்னைக் கேட்டால் சாராபாயை நினைக்கும் போதெல்லாம் இவரையும் நினைக்க வேண்டும். முன்னவர் எழுதிய திட்டத்தை அவர் தூக்கி வீசவில்லை. முன்னவர் சேர்த்த ஆட்களையும் கலைக்கவில்லை. சாராபாய் காலத்திலேயே ஒப்பந்தமாகியிருந்தபடி, 1975இல் அமெரிக்கச் செய்மதியொன்றை இரவல் வாங்கி சுமார் 2,400 கிராமங்களுக்கு ஓராண்டு கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பானார்கள். கொழும்பில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டிலும் அதைப் பார்க்க இந்தியப் பொறியியலாளர்கள் பெரிய டிஷ் ஒன்றை நிறுவினார்கள்.

1979 ஓகஸ்டில் கலாமின் தலைமையில் உருவான ரொக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர் முன் தவானே பழியை ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செய்மதி சுற்றுப்பாதையை அடைந்தபோது, பேசுவதற்குக் கலாமை அனுப்பினார். சாராபாய் மறைந்து அப்போது எட்டரை ஆண்டுகள்.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டபோது தலைவர் சிவன். பின்னர் சோமநாத், 2025 முதல் நாராயணன். வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் தொலைநோக்கி இன்னும் அதே அலுமாரியில்தான் என்று அங்கே படிக்கும் தங்கை சொல்கிறாள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.