பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்... 15 லட்சம் ஆண்டு வரலாறு! யார் இந்த ராபர்ட் புரூஸ் பூட்?

1863 மே 30. சென்னை பல்லாவரம் ராணுவ மைதானம் அருகே ஒரு சரளைக் குழி. அங்கே கிடந்த கல் ஒன்றை 28 வயது இளைஞர் எடுத்துப் பார்க்கிறார். அது தானா உடைஞ்ச கல் இல்ல, மனுஷன் செதுக்கிய கருவி என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் ஆதாரம் அதுதான்.

யார் இவர்?

ராபர்ட் புரூஸ் பூட். 1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய் பாறைகளை வரைபடமாக்குவதுதான் வேலை. இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணையோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர்.

எப்படி அடையாளம் கண்டார்?

பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று 1859-ல்தான் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி பூட்டுக்குத் தெரியும். 1863 செப்டம்பர் 28-ல், சக அதிகாரி வில்லியம் கிங்குடன் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டுபிடித்தார்.

புதுக்கோட்டை தொடர்பு என்ன?

பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தது செம்புறாங்கல் சரளையில். கருவி தேடுபவருக்கு அது முக்கியமான மண். அந்தச் செம்புறாங்கல் நிறைய உள்ள பகுதி புதுக்கோட்டை. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நில அமைப்பை ஆய்வு செய்து பூட் எழுதிய கட்டுரை 1879-ல் வெளியானது.

ஆனா மண் மட்டும் போதாது, கல்லும் வேணும். வடதமிழகத்தில் அந்தக் கால மனிதர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது குவார்ட்சைட் என்ற உறுதியான கல். தட்டினால் கூர்மையாகப் பெயரும். கருவிகள் அதிகம் கிடைக்கும் இடங்களுக்கும் இந்தக் கல் கிடைக்கும் இடங்களுக்கும் உள்ள தொடர்பை பூட் கவனித்தார். காவிரிக்குத் தெற்கே, வடக்கில் கிடைத்த அளவுக்குப் பழைய கற்காலக் கருவிகள் கிடைக்கவில்லை.

ஒரு கருவி மரபின் தொடக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மூன்று கேள்விகள் கேட்பார்கள். எப்படிச் செதுக்கினாங்க? எந்த மண் அடுக்கில் இருந்தது? கல் எங்கிருந்து வந்தது? பூட் காலத்தில் வயதை எண்ணிக்கையில் சொல்ல வழி கிடையாது. இன்று இருக்கிறது. தரைமேல் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு பெரிலியம், அலுமினியத்தின் கதிரியக்க வகைகள் உருவாகும். கல் புதைந்த பிறகு அவை வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் புதைந்த காலம் தெரிந்துவிடும்.

தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் இப்படித்தான் அத்திரம்பாக்கம் கைக்கோடாரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே சிறு சில்லுக் கருவிகளுக்கு மாறிவிட்டதை 2018-ல் வெளியிட்டார்கள். இந்த மாற்றம் வெளியிலிருந்து வந்ததா, இங்கேயே உருவானதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

கடைசி நாட்கள்

ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்த பூட், தன் சேகரிப்பை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1912 டிசம்பர் 29-ல் காலமானார். சேகரிப்பைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூல் 1916-ல்தான் வெளிவந்தது.

எந்தக் கல் எந்த இடத்தில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்ததால்தான் அந்தச் சேகரிப்புக்கு இன்றும் மதிப்பு. இடம் தெரியாத கருவி, முகவரி இல்லாத கடிதம் மாதிரி. புதுக்கோட்டை பக்கம் குளம் வெட்டும்போதோ, செம்புறாங்கல் குவாரியிலோ செதுக்கிய கல் மாதிரி எதையாவது பார்த்தால், எடுத்துட்டுப் போகாம போட்டோ எடுத்து, திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்க.